சத்துவாச்சாரியில் 14 வாரம்: 'நில்லுங்க அக்கா' என்று சொல்லும் ஒரு ஜிம்

வேலூர் சத்துவாச்சாரியில் இரண்டாவது மாடியில் இருக்கிறது அந்த ஜிம். பெண்களுக்கான காலை 5.30 பேட்ச்சில் 14 வாரம் முடித்துவிட்டேன். மாதம் 1200 ரூபாய், சேரும்போது 500 ரூபாய். நாலு மாசக் கட்டணத்தையும் சேர்த்தால் ஜூன் வரைக்கும் 5300 ரூபாய் கொடுத்திருக்கிறேன். அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஜிம்மின் பெயரைப் போடவில்லை. ஒரே ஒரு ஆள் நடத்தும் சின்ன இடம் அது, குறைகளையும் சொல்லப்போகிறேன். பெயர் இல்லாவிட்டாலும் உங்கள் தெருவில் 'ஹிட் ஒர்க்அவுட்' (HIIT, இடைவெளிவிட்டு வேகமாக உழைக்கும் பயிற்சி) என்று பலகை மாட்டியிருக்கும் இடத்தை எடைபோட இது உதவும் என்று நம்புகிறேன்.

எனக்கு 43 வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் காட்பாடியில் ரயில் பிடித்துப் போய் வருகிறேன். பகல் முழுக்க நாற்காலிதான். போன தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒருநாள் ஆட்டோ தாமதமாகி, காட்பாடி ஸ்டேஷனில் மேம்பாலப் படிகளில் ஓடி ஏறி இறங்கி, வண்டி கிளம்பும் நேரத்தில் ஏறிவிட்டேன். ஏறியது சரி, மூச்சுதான் அடங்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னாமா, உடம்பு கிடம்பு சரியில்லையா? இப்டி மூச்சு வாங்குதே" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். லத்தேரி தாண்டும்வரை நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்தது. எங்கள் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது வயது 54. அன்றைக்கு ரயிலில் அந்த எண் என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

உடனே ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். இது அல்ல, வேறு ஒன்று. ஏசி, பெரிய கண்ணாடி, காது கிழியும் பாட்டு. '40 நிமிட தபாட்டா' என்று வகுப்பு நடத்தினார்கள். பர்ப்பி (தரையில் கை ஊன்றிப் படுத்து, எழுந்து குதிப்பது), ஜம்பிங் ஜாக் (கை கால் விரித்துக் குதிப்பது), மவுண்டன் கிளைம்பர் (கை ஊன்றியபடி முழங்காலை மாற்றி மாற்றி முன்னே இழுப்பது), திரும்பப் பர்ப்பி. நடுவில் நின்றால், "நிக்காதீங்க, நிக்காதீங்க, இன்னும் கொஞ்சம்!" என்று மைக்கில் கத்துவார்கள். சேர்ந்த அன்றைக்கு என் வயதைக் கேட்டார்கள், எடையைப் பார்த்தார்கள். பிரஷர் இருக்கிறதா, மாத்திரை சாப்பிடுகிறாயா, வீட்டில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று ஒரு கேள்வி இல்லை. மூன்றாவது வாரம் இடது முழங்கால் வீங்கியது. ஆறாவது வாரம் ஒரு செட் முடிந்ததும் பொத்தென்று உட்கார்ந்தேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. அத்தோடு நிறுத்திவிட்டேன். மூன்று மாசத்துக்கு மொத்தமாகக் கட்டிய பணம் போனது போனதுதான்.

அந்த மயக்கத்துக்குக் காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. வேகமாக உழைக்கும்போது காலில் உள்ள பெரிய தசைகளுக்கு நிறைய ரத்தம் போகிறது. அந்தத் தசைகள் சுருங்கிச் சுருங்கித்தான் அந்த ரத்தத்தை மேலே இதயத்துக்குத் தள்ளுகின்றன. சட்டென்று நின்றால் தள்ளுவதற்கு ஆள் இல்லை. ரத்தம் காலிலேயே தங்கிவிடுகிறது, மூளைக்குப் போவது குறைகிறது, கண் இருட்டுகிறது. செட் முடிந்ததும் மெதுவாக நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்று அங்கே ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

சரி, இப்போதைய இடத்துக்கு வருகிறேன். அலுவலகத்தில் கூட வேலை செய்யும் பெண் சொல்லித்தான் போனேன். போன உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. நடத்துகிறவர் 29 வயதுப் பெண், முன்பு பளுதூக்கும் போட்டிகளில் கலந்துகொண்டவர். இந்த ஊரில் அது பெரிய ஆச்சரியம் இல்லை. 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர்தான். இந்தத் தெருக்களில் பார்பெல் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நிறைய. பெண்ணாக இருந்தாலும் எல்லோரும் இவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் எங்களை 'அக்கா' என்பார்.

மாஸ்டர் ஒரு பேப்பரை நீட்டினார். பிரஷர், சர்க்கரை, தைராய்டு, ஆஸ்துமா, சாப்பிடும் மாத்திரைகள், எத்தனை பிரசவம், சிசேரியனா, மூட்டு வலி, குடும்பத்தில் மாரடைப்பு என்று இரண்டு பக்கம் கேள்விகள். அப்பாவுடைய 54ஐ எழுதியதும் அந்த வரியில் விரலை வைத்து, "அக்கா, டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. அவர் சரின்னு சொன்னாதான் நான் ஏத்துவேன்" என்றார். வந்த காசை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய ஜிம்மை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஈ.சி.ஜி., எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்), டி.எம்.டி. (டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனை) மூன்றும் எடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு மார்ச் முதல் வாரம் சேர்ந்தேன். நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரையோ பிரஷரோ இருப்பவர்கள், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள் இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். இது என் கெஞ்சல்.

இப்போது முக்கியமான விஷயம். இடைவெளிவிட்டு வேகமாக உழைப்பதால் இதயத்துக்கு என்ன நன்மை? மாஸ்டர் முதல் நாள் கரும்பலகையில் எழுதிக் காட்டியதையும், அதற்கப்புறம் நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இதயத்தை ஒரு பம்பு என்று வையுங்கள். ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்பது இரண்டும் சேர்ந்ததுதான் அதன் வேலை. உச்ச துடிப்பு எண்ணிக்கையைப் பயிற்சியால் கூட்ட முடியாது, வயதாக ஆகக் குறைந்துகொண்டேதான் வரும். ஆனால் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தத்தின் அளவைக் கூட்ட முடியும். அதற்கு இதயம் சில நிமிஷங்களாவது தன் உச்சத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்ய வேண்டும். அந்த வேகத்தில் ஒரேயடியாக 20 நிமிஷம் நம்மால் ஓட முடியாது, நாலு நிமிஷத்தில் தள்ளாடிவிடுவோம். அதனால் நாலு நிமிஷம் உழைத்து, மூன்று நிமிஷம் மெதுவாக நடந்து மூச்சைத் தேற்றிக்கொண்டு, திரும்ப நாலு நிமிஷம். இப்படி நாலு முறை செய்தால் மொத்தம் 16 நிமிஷ வேக உழைப்பு கிடைத்துவிடுகிறது, அதில் பல நிமிஷம் இதயம் உச்சத்துக்குப் பக்கத்தில் நிற்கும். நடுவில் உள்ள ஓய்வு இருப்பதால்தான் அடுத்த சுற்றை அதே வேகத்தில் செய்ய முடிகிறது. ஓய்வைக் குறைத்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் இதயம் உச்சத்துக்குப் போகாது. களைப்பு மட்டும் மிஞ்சும். என் பழைய ஜிம்மில் நடந்தது அதுதான்.

இந்த 'நாலுக்கு நாலு' முறை நார்வே நாட்டில் டிரான்ட்ஹைம் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் நன்றாகச் சோதித்துப் பார்த்தது. 2007இல் வந்த ஒரு ஆய்வில் 40 பேரை நாலு குழுவாகப் பிரித்து, வாரம் மூன்று நாள், 8 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். எல்லாக் குழுவுக்கும் மொத்த உழைப்பு ஒன்றுதான், வேகம்தான் வேறு. நாலுக்கு நாலு செய்தவர்களுக்கு உடம்பு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் உச்ச அளவு 7.2 சதவீதம் கூடியது. 15 நொடி ஓட்டம், 15 நொடி மெது ஓட்டம் என்று செய்தவர்களுக்கு 5.5 சதவீதம். மிதமான வேகத்திலேயே நீண்ட நேரம் ஓடியவர்களுக்குச் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தமும் வேகமாகச் செய்த இரு குழுக்களுக்கும் ஏறக்குறைய 10 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் அந்த 40 பேரும் ஆண்கள், ஏற்கெனவே ஓரளவு பயிற்சி உள்ளவர்கள். நாற்பது வயதுப் பெண்ணுக்கு அதே எண் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே ஊர்க் குழு அதே வருஷம் இதயம் பலவீனமான 27 நோயாளிகளிடம் இந்த முறையைச் சோதித்தது. அவர்களுடைய சராசரி வயது 75. மருத்துவக் கண்காணிப்பில் வேகமாக நடந்தவர்களுக்கு அந்த உச்ச அளவு 46 சதவீதம் கூடியது, மிதமாகவே நடந்தவர்களுக்கு 14 சதவீதம். 75 வயதில், நோய்ப்பட்ட இதயத்தோடு! இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவுக்கு மாரடைப்பு வந்து வீட்டுக்குத் திரும்பியதும் 'அசையாமல் இருக்கட்டும்' என்றுதான் நாங்கள் எல்லோரும் அவரைக் கட்டிலோடு வைத்திருந்தோம்.

'தபாட்டா' பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஊரெல்லாம் அந்தப் பெயரை வைத்து வியாபாரம் நடக்கிறது. இசூமி தபாட்டா ஜப்பானிய ஆராய்ச்சியாளர். 1996இல் வந்த அவருடைய ஆய்வில், உடற்கல்வி படிக்கும் இளைஞர்கள் சைக்கிளில் 20 நொடி முழுவேகம், 10 நொடி ஓய்வு என்று 7, 8 முறை செய்தார்கள். அதோடு சரி, நாலே நிமிஷம். அதற்குமேல் மிதிக்க முடியாத அளவுக்கு அது கடுமை. 40 நிமிஷம் ஒருவர் அதைச் செய்கிறார் என்றால் அவர் செய்வது அது இல்லை. நாற்பது வயதில் முதல் நாளே தொடங்க வேண்டிய பயிற்சியும் அது இல்லை.

எங்கள் மாஸ்டர் முதல் மூன்று வாரம் ஒரு நிமிஷ உழைப்பு, இரண்டு நிமிஷ நடை என்று ஆறு சுற்றுதான் கொடுத்தார். அப்புறம் இரண்டு நிமிஷம், அப்புறம் மூன்று. ஏழாவது வாரம்தான் நாலுக்கு நாலு. திங்கள், புதன், வெள்ளி மட்டும். நடுவில் ஒரு நாள் விட்டே ஆக வேண்டும் என்பார். பேட்ச்சில் ஒரு பெண் கல்யாணத்துக்கு முன் இளைக்க வேண்டும் என்று தினமும் வரப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை வந்தவளைச் சைக்கிளில் ஏறவே விடவில்லை, "போய்க் கோட்டையைச் சுத்தி மெதுவா நடந்துட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டார். நானும் சனிக்கிழமைகளில் அகழி ஓரம் நடக்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன் மதில் நிழல் தண்ணீரில் விழுந்திருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே 50 நிமிஷம்.

வகுப்பு நடக்கும் விதம் இதுதான். பத்து நிமிஷம் உடம்பைச் சூடாக்குவது. பிறகு நாலு சுற்று. கடைசியில் ஐந்து நிமிஷம் மெதுவாக நடை. மொத்தம் 40 நிமிஷம். ஆறு பழைய சைக்கிள், காற்றாடி வைத்த சைக்கிள் இரண்டு, ஆசாரியிடம் சொல்லிச் செய்த மரப்பெட்டிகள் பத்து, ஏறி இறங்குவதற்கு. சுவரில் சிவப்பு எழுத்தில் நொடி காட்டும் கடிகாரம். அவ்வளவுதான் சாமான்.

நெஞ்சில் கட்டும் துடிப்பு பெல்ட் இரண்டே இரண்டு இருக்கிறது, முறைபோட்டுக் கட்டிக்கொள்வோம். என் வயதுக்கு உச்ச துடிப்பு தோராயமாக 177. 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கு அது. 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கும் இன்னொரு கணக்கும் எனக்கு 178 என்றே காட்டியது. இரண்டும் தோராயம்தான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும் என்று மாஸ்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். அதில் 90, 95 சதவீதம் என்றால் எனக்கு 160இலிருந்து 168 வரை. நடக்கும் மூன்று நிமிஷத்தில் 125 அளவுக்கு இறங்க வேண்டும். நாலு நிமிஷச் சுற்றில் முதல் முறை பெல்ட் கட்டிய அன்று ஆசையில் தொடக்கத்திலேயே வேகமாக மிதித்து ஒரே நிமிஷத்தில் 171க்குப் போய்விட்டேன். மாஸ்டர் கை காட்டி, "நில்லுங்க அக்கா, இறங்கி நடங்க. முதல் ரெண்டு நிமிஷத்துல மெல்ல ஏத்துங்க, கடைசி ரெண்டு நிமிஷம் அங்கேயே நில்லுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு 1200 ரூபாய் தரலாம்.

பெல்ட் இல்லாத நாளில் பேச்சுதான் அளவு. உழைக்கும்போது இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் வரக் கூடாது, நடக்கும்போது முழு வாக்கியம் வர வேண்டும். சுற்றுக்கு நடுவில் மாஸ்டர் வேண்டுமென்றே ஒவ்வொருவரிடமும் வந்து, "இன்னிக்கு வீட்டுல இன்னா குழம்பு அக்கா?" என்று கேட்பார். பதில் நன்றாக வந்தால்தான் அடுத்த சுற்று. "முள்ளு கத்தரிக்கா... புளி..." என்று இழுத்தால் இன்னொரு நிமிஷம் நடக்க வேண்டும்.

இந்தப் பேச்சு அளவின் அருமை பக்கத்துத் தெரு அக்கா விஷயத்தில் தெரிந்தது. அவருக்கு வயது 58, பிரஷருக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். அந்த வகை மாத்திரை இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். என்னதான் மிதித்தாலும் அவருக்கு 120ஐத் தாண்டாது. வயதுக் கணக்கைப் பார்த்து 'இன்னும் வேகம், இன்னும் வேகம்' என்று யாராவது விரட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாஸ்டர் அவருடைய டாக்டர் சீட்டைப் பார்த்ததும் பெல்ட்டையே கட்டவில்லை. அவருக்குப் பேச்சு மட்டும்தான் அளவு. டாக்டர் சொன்னபடி நாலு நிமிஷமும் இல்லை, ஒரு நிமிஷச் சுற்றோடு சரி. "எனக்கு இதே போதும்மா, படி ஏறச்சொல்ல இப்ப நல்லாத்தான் கீது" என்று அவர் சொல்லும்போது முகம் பார்க்க வேண்டும்.

பெண்கள் வெளியே பேசாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். இரண்டு சுகப்பிரசவம் ஆனவள் நான். குதித்தால் சிறுநீர் சொட்டும். பழைய ஜிம்மில் ஜம்பிங் ஜாக் வரும்போதெல்லாம் பாத்ரூமுக்கு ஓடினேன், யாரிடமும் சொல்லவில்லை, கறுப்பு பேண்ட் மட்டும் போட்டுக்கொண்டு போனேன். இங்கே அந்தப் பேப்பரிலேயே அந்தக் கேள்வி இருந்தது. 'ஆமாம்' என்று டிக் போட்டபோது எனக்குக் கண் கலங்கியது. மாஸ்டர் சாதாரணமாக, "நிறைய பேருக்கு இருக்கு அக்கா. உங்களுக்குக் குதிக்கிறது வேணாம், சைக்கிளும் பெட்டியும் போதும். அதுக்குத் தனியா பயிற்சி இருக்கு, பிசியோகிட்ட ஒரு தடவை காட்டுங்க" என்றார். இதயத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகக் குதிக்கவே வேண்டியதில்லை. சைக்கிளில் கனத்தைக் கூட்டினாலும், பெட்டியில் வேகமாக ஏறி இறங்கினாலும் துடிப்பு அதே 165க்குப் போகிறது. முழங்காலும் தப்பிக்கிறது, அடிவயிறும் தப்பிக்கிறது. 14 வாரத்தில் நான் ஒரு பர்ப்பிகூடப் போடவில்லை.

குறைகள் இருக்கின்றன. மேலே ஷீட் கூரை, நாலு மின்விசிறி மட்டும். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் நடுவிலிருந்து காலை ஐந்தரைக்கே உள்ளே அனல் தேங்கி நிற்கும். சூட்டில் உடம்பு தோலுக்கும் ரத்தம் அனுப்பித் தன்னைக் குளிரவைக்க வேண்டும், வியர்வையில் நீரும் போகிறது. அதனால் அதே வேகத்துக்குத் துடிப்பு கூடுதலாக அடிக்கும். மார்ச்சில் 160 காட்டிய அதே கனம் மே மாசத்தில் எனக்கு 170 காட்டியது. அக்னி நட்சத்திர நாட்களில் மாஸ்டர் நாலு சுற்றை மூன்றாகக் குறைத்து, வகுப்பை 5 மணிக்கு மாற்றினார். நல்லதுதான். ஆனால் ஒரு ஏர்கூலராவது வாங்கி வைக்கலாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டோம், இதுவரை நடக்கவில்லை. 14 பேருக்கு ஒரே கழிவறை. பெல்ட்டைத் துடைக்க வைத்திருக்கும் துணியை நான் தொடுவதில்லை, வீட்டிலிருந்து எடுத்துப் போகிறேன். பள்ளி விடுமுறையில் கல்லூரிப் பெண்கள் சேர்ந்து கூட்டம் 22 ஆனது. அந்த மூன்று வாரம் மாஸ்டரால் எல்லோரையும் கவனிக்க முடியவில்லை, என்னிடம் குழம்பு கேட்க ஆள் வரவில்லை. கூட்டம் 15ஐத் தாண்டினால் இன்னொரு பேட்ச் பிரிக்க வேண்டும் என்று நேரிலேயே சொன்னேன். ஜூனில் பிரித்துவிட்டார். வண்டி நிறுத்த இடம் இல்லை, கீழே மளிகைக் கடைக்காரர் ஆறு மணிக்கு ஷட்டர் தூக்கும்போது எல்லோரும் இறங்கி வந்து ஸ்கூட்டியை நகர்த்த வேண்டியிருக்கிறது.

இளைப்பதற்காகச் சேர்கிறீர்கள் என்றால் ஏமாற்றமாக இருக்கும். எனக்குக் குறைந்தது 2 கிலோதான். கொழுப்பைக் குறைப்பதில் இந்த முறைக்கும் மிதமான நடைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் சொல்கின்றன. சாப்பாட்டில்தான் அது இருக்கிறது. பலகையில் 'மாதம் 8 கிலோ' என்று எழுதியிருந்தால் அந்தப் படி ஏறாதீர்கள்.

இதன் வேலை வேறு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிஷம் கடுமையான உழைப்பு, அல்லது இரண்டும் கலந்து செய்யச் சொல்கிறது. காலை ஏழு மணிக்குள் குழந்தைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு ஏழரைக்குக் காட்பாடியில் நிற்க வேண்டிய எனக்கு, நேரம் குறைவாகக் கேட்கும் கடுமையான உழைப்போடு கொஞ்சம் நடையும் கலந்த வழிதான் சாத்தியம். வாரத்துக்கு மூன்று காலை, ஒரு சனிக்கிழமை நடை. இதற்குமேல் என் வாழ்க்கையில் இடம் இல்லை.

என்ன மாறியது என்று கேட்பீர்கள். எழுந்ததும் படுக்கையில் படுத்தபடியே நாடி பார்த்து நோட்டில் எழுதுவேன். மார்ச்சில் 82, இப்போது 71. கடைசிச் சுற்று முடிந்த ஒரு நிமிஷத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பதையும் எழுதுகிறேன். முதலில் 14தான் இறங்கியது, போன வெள்ளிக்கிழமை 29. இதயம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதை டி.எம்.டி. எடுக்கும்போது டாக்டர்களும் பார்க்கிறார்கள், அதனால் இந்த எண்ணை நான் பெரிதாக மதிக்கிறேன். அலுவலகத்தில் மூன்றாவது மாடிக்கு 66 படி. லிஃப்ட் இருக்கிறது, நான் ஏறவில்லை. மேலே போனதும் போன் வந்தால் எடுத்துப் பேச முடிகிறது. முன்பெல்லாம் இரண்டு முறை அடிக்கவிட்டு மூச்சைச் சரிசெய்துகொண்டு எடுப்பேன்.

இரண்டு வாரத்துக்கு முன் மழை பெய்து ஆட்டோ கிடைக்காமல் திரும்பவும் ஸ்டேஷனுக்குத் தாமதமாகப் போனேன். அதே மேம்பாலம், அதே பை, பையில் டிபன் பாக்ஸோடு இரண்டு கணக்குப் புத்தகம். ஓடி ஏறி, இறங்கி, வண்டிக்குள் வந்து கம்பியைப் பிடித்து நின்றேன். மூச்சு வாங்கியது, வாங்கத்தானே செய்யும். வண்டி பிளாட்பாரத்தை விட்டு வெளியே வருவதற்குள் அடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் "இது ஆம்பூர் நிக்குமாங்க?" என்று வேண்டுமென்றே முழு வாக்கியமாகக் கேட்டுப் பார்த்தேன். நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அரை வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வயிறு நிறைய வேண்டாம். தண்ணீர் பாட்டில், துண்டு, அடி தேயாத ஷூ. நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம் என்று ஏதாவது வந்தால் சுற்றை முடிக்கப் பார்க்காதீர்கள், உடனே நிறுத்திச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல் இருக்கும் நாளில் போகவே வேண்டாம். மாதவிடாய் நாளில் முடியவில்லை என்றால் சொன்னால் போதும், மாஸ்டர் மெது சைக்கிள் கொடுத்துவிடுவார், காரணம் கேட்க மாட்டார்.

ஐந்துக்கு நாலு தருகிறேன். ஏர்கூலரும் இன்னொரு கழிவறையும் வந்தால் ஐந்தும் தருவேன். ஜூலைக்கும் ஆகஸ்ட்டுக்கும் பணம் கட்டிவிட்டேன். ஆரணியில் இருக்கும் என் அக்காவுக்கு 49 வயது, அவளுக்கும் அதே அப்பாதான். அடுத்த வாரம் டி.எம்.டி. எடுக்க வேலூர் வருகிறாள், மாஸ்டருடைய அந்த இரண்டு பக்கப் பேப்பரில் ஒன்றை அவளுக்காக வாங்கி வைத்திருக்கிறேன்.